பீலியை மறைத்த பட்டன்

"இந்தக் காலத்துல யாருங்க டிவிடி போட்டுப் பாக்குறாங்க?" காலி டிவிடி கேட்டுக் கோயம்புத்தூரில் நாலு கடை ஏறி இறங்கிய பிறகு, நாலாவது கடைக்காரர் கேட்ட கேள்வி இது. கேட்டுக்கொண்டே உள்ளே போய், மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். குடும்பப் படங்களையெல்லாம் ஒரு டிவிடி தட்டில் போட்டு அம்மாயிக்கு, அதாவது என் அம்மாவின் அம்மாவுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றதும் வீட்டிலும் இதே பேச்சுதான். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றான் தம்பி. யூடியூபில் ஏற்றிவிட்டு லிங்க்கை அனுப்புங்கள், யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் மச்சான். இருவருமே கோத்தகிரிக்குப் பல முறை போனவர்கள். அம்மாயி வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள். ஆனால் அந்த வீட்டு டிவியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தவர்கள் இல்லை.

அது 2006-ல் தொடங்கிய அரசாங்கத்தின் இலவசக் கலர் டிவி திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டி. இன்றும் ஓடுகிறது. பின்னால் கேபிள் ஒயர் செருகும் ஓட்டையும் ஏவி ஒயருக்கான ஓட்டைகளும் மட்டும்தான் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு டிவிடி பிளேயர். அதன் முகப்பில் பென்டிரைவ் செருக இடம் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துப் பிளேயர்களுக்குப் பழைய ஏவிஐ வகைப் படங்கள்தான் படிக்க வரும். இன்றைய போன்கள் எடுக்கிற எம்பி4 வராது. பெயரை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். யூடியூப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அம்மாயி இருப்பது டான்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அங்கிருந்து ரோட்டு வளைவு வரை ஏறினால்தான் போனில் ஒரு கோடு சிக்னல் தெரியும். முட்டி வலியோடு இருக்கிற 84 வயதுக்காரியை லிங்க் பார்க்க வளைவுக்கு ஏறச் சொல்ல முடியாது.

அம்மாயிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், அந்தப் படங்கள் எல்லாமே அவளுக்கு உரியவை. இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்தில் பெயர் வந்து, 1973-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தவள். என் அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. அம்மாயியின் ஒரே தங்கை இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். போன வருஷம் மாமா மகன் கொழும்புக்குப் போய், அங்கிருந்து மலையேறி அந்தத் தோட்டத்துக்கும் போய்ச் சின்ன அம்மாயியைப் பார்த்துவிட்டு வந்தான். போனில் நிறைய எடுத்திருந்தான். அதோடு, சித்தி கல்யாணத்து விசிடி இரண்டு தட்டு, மாரியம்மன் திருவிழாவைப் பெரியப்பா ஹேண்டிகேமில் எடுத்தது, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் துண்டுகள் என்று ஆளுக்கொரு இடத்தில் கிடந்தவற்றையெல்லாம் திரட்டினேன். எண்ணிப் பார்த்தால் பதினொரு ஃபைல். மொத்தம் 3 மணி 10 நிமிஷம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு, அம்மாயி கையில் கொடுத்துவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் ஆனது.

தட்டில் ஏற்றுவதும் ஓட வைப்பதும்

முதல் தட்டில், பதினொரு ஃபைலையும் அப்படியே இழுத்துப் போட்டு எழுதிவிட்டேன். லேப்டாப்பில் நன்றாகத் திறந்தது. கோத்தகிரியில் பிளேயருக்குள் போட்டால், உள்ளே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் தட்டைத் தெரியவில்லை என்றது. அன்றுதான் எனக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. டிவிடியில் ஃபைல் வைப்பது பெட்டிக்குள் சாமான் அடுக்குகிற மாதிரி. டிவிடி பிளேயர் எதிர்பார்ப்பது அதை அல்ல. தட்டுக்குள் 'வீடியோ_டிஎஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் படமும் ஒலியும் கலந்த 'விஓபி' ஃபைல்கள், எது எங்கே தொடங்குகிறது, எது முடிந்தால் எங்கே போக வேண்டும் என்று வழி சொல்லும் 'ஐஎஃப்ஓ' ஃபைல்கள், தட்டில் கீறல் விழுந்தால் உதவ அந்த வழிக்குறிப்புக்கே ஒரு நகல் 'பியுபி', எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். படமும் எம்பெக்-2 வடிவத்தில், நம் ஊர் டிவியின் பேல் முறைப்படி வழக்கமாக 720-க்கு 576 புள்ளிகளில், வினாடிக்கு 25 படமாக இருக்க வேண்டும். விசிடியில் இருந்து வரும் எம்பெக்-1-க்கும் அதன் சின்ன அளவிலேயே அனுமதி உண்டு. அது பின்னால் எனக்குப் பெரிய உதவியாக வந்தது.

இன்னொரு தவறான எண்ணமும் இருந்தது. பதினொரு துண்டையும் முதலில் ஒட்டி ஒரே நீளப் படமாக்கிவிட வேண்டும், பிறகு அதை டிவிடி ஆக்க வேண்டும் என்று இரண்டு இரவு போராடினேன். ஒன்று அகலப் படம், ஒன்று சதுரத்துக்குப் பக்கமான பழைய படம், ஒன்று போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது. ஒன்றில் வினாடிக்கு 25, இன்னொன்றில் 30. ஒட்டினால் எங்கோ ஓரிடத்தில் ஒலி அறுந்தது, எங்கோ முகம் நீண்டது. ஒட்டவே தேவையில்லை என்பதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த இரண்டு இரவும் மிச்சம். டிவிடியில் ஒவ்வொரு படத்தையும் தனித்தனி 'டைட்டில்' ஆக வைத்துவிட்டு, ஒன்று முடிந்ததும் அடுத்ததற்குத் தாவு என்று ஒரு கட்டளை எழுதினால் போதும். இலவசமாகக் கிடைக்கிற டிவிடி ஸ்டைலர் மென்பொருளில் ஒவ்வொரு டைட்டிலுக்கும் 'முடிந்த பின்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'ஜம்ப் டைட்டில் 2' என்று எழுதினேன். இரண்டுக்கு நடுவே கண் இமைக்கிற நேரம் இருட்டு வரும். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் நடுவே அந்த இருட்டு இருப்பதில் ஒரு குறையும் இல்லை. அகலப் படத்தையும் பழைய படத்தையும் வெவ்வேறு 'டைட்டில் செட்'டில் வைக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

கொழுந்து சதுரமான கதை

இரண்டாவது முயற்சியில் தட்டு ஓடியது. ஆனால் அட்டன் தோட்டம் வந்தபோது எனக்கு வயிறு கலங்கியது. தேயிலைக் கொழுந்து முழுக்கச் சின்னச் சின்னப் பச்சைக் கட்டங்களாக உடைந்து கொதித்தது. பின்னால் மலையில் இறங்கிய பனி மூட்டம், படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக நின்றது. முகம் தெரிகிறது, ஆள் தெரிகிறது, தோட்டம் மட்டும் தெரியவில்லை. தோட்டம்தானே அவளுக்கு வேண்டும்!

இதற்குக் காரணம் பிளேயரோ டிவியோ இல்லை, நான் போட்ட கணக்கு. எம்பெக் முறையில், ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒரு முறைதான் முழுப் படம் எழுதப்படுகிறது. நடுவில் இருப்பவற்றுக்கு, முந்தைய படத்திலிருந்து எது மாறியது என்பதை மட்டும் எழுதி வைக்கிறது. சுவர் முன்னால் நின்று பேசுகிற ஆளுக்கு வாயும் கையும்தான் மாறும். கொஞ்ச இடம் போதும். காற்றில் ஆடுகிற தேயிலைக் காட்டில் ஒவ்வொரு இலையும் மாறுகிறது. மாற்றம் எல்லாவற்றையும் எழுத இடம் போதாதபோது, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து உள்ளே இருப்பதை மழுப்பிவிடும். கல்யாண மண்டபத்துக்கு ஓடுகிற அளவு தேயிலைக்கு ஓடாது. மலையில் படம் எடுக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இலையும் மூட்டமும் இந்த முறைக்கு மிகவும் கஷ்டமான விஷயங்கள். நீலகிரியில் இவை இரண்டும் இல்லாத படம் எது?

தட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி. கம்ப்யூட்டர் அதையே 4.37 என்று காட்டும்; அது ஆயிரத்தால் வகுப்பதற்கும் 1024-ஆல் வகுப்பதற்கும் உள்ள வித்தியாசம், இடம் ஒன்றுதான். 3 மணி 10 நிமிஷத்தை அதில் சமமாகப் பரப்பினால் வினாடிக்கு 3.3 மெகாபிட் இடம் வரும். டிவிடியில் படத்துக்கு 9.8 வரை போகலாம். நான் மூன்றில் நின்று தேயிலையைக் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் பேப்பரில் கணக்குப் போட்டபோதுதான் பிடிபட்டது. கல்யாணம் மட்டும் 110 நிமிஷம். அது விசிடியிலிருந்து வந்தது. விசிடியில் படம் ஒலி இரண்டும் சேர்ந்தே வினாடிக்கு 1.4 மெகாபிட்டுக்குள்தான். அதை எம்பெக்-2 ஆக மாற்றி 3.3-க்கு ஊதிப் பெருக்கி நான் என்ன செய்தேன்? இல்லாத தெளிவுக்கு இடம் ஒதுக்கினேன். விசிடி தட்டில் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் 'டாட்' ஃபைலை எடுத்து, படத்தைத் தொடாமல், ஒலியை மட்டும் 44.1-லிருந்து டிவிடி கேட்கிற 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். கல்யாணம் முழுவதும் 1.15 ஜிபிக்குள் அடங்கிவிட்டது. மிச்சம் மூன்றரை ஜிபி, மற்ற 80 நிமிஷத்துக்கு. கொஞ்சம் ஓரம் விட்டு வினாடிக்கு ஐந்தரை மெகாபிட் கொடுத்தேன். அடுத்த தட்டில் இலை இலையாக நின்றது.

சின்ன அம்மாயி பேசுகிற படத்தில் இன்னொரு தொந்தரவு. முதல் நிமிஷத்தில் வாயும் குரலும் பொருந்துகின்றன. ஏழாவது நிமிஷத்தில் வாய் மூடிய பிறகு சொல் வருகிறது. போன்கள் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி வினாடிக்கு எத்தனை படம் என்பதைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே எடுக்கும். லயத்துக் காம்பராவுக்குள், அதாவது அறைக்குள், இருட்டில் எடுத்ததால் அது நிறையவே மாறியிருந்தது. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ஒரு முறை 'நிலையான ஃபிரேம் ரேட்' என்று போட்டு மாற்றிய பிறகுதான் டிவிடி வேலைக்கே எடுக்க முடிந்தது. அதே படம் முதலில் வாட்ஸப்பில் வந்திருந்தது. அது சுருங்கிப் போன நகல். மாமா மகனிடம் கேட்டு 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்ன பிறகுதான் அவன் எடுத்தது எடுத்தபடி கிடைத்தது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு தங்கச்சியின் வாயைப் பார்க்கப் போகிறவளுக்குச் சொல்லும் வாயும் ஒன்றாகத்தான் வர வேண்டும். அதில் நான் எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய குழாய் டிவி, படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் மறைத்துக் காட்டும். அட்டன்காரர்களின் பெயரையும் உறவுமுறையையும் அடியில் எழுதியிருந்தேன். பாதி எழுத்து உள்ளே போய்விட்டது. எல்லாவற்றையும் மேலே ஏற்றினேன். அகலப் படத்தைச் சின்ன டிவியில் பார்க்க, பிளேயரின் அமைப்பில் '4:3 லெட்டர் பாக்ஸ்' என்று வைக்க வேண்டும்; 'பேன் ஸ்கேன்' என்று இருந்தால் இரண்டு பக்கமும் நிற்கிற ஆட்கள் வெட்டுப்படுவார்கள். எழுதும்போது 16 மடங்கு வேகம் வேண்டாம். நாலு மடங்கில் பொறுமையாக எழுதி, முடிந்ததும் சரிபார்க்கச் சொன்னால், பழைய பிளேயர் முரண்டு பிடிப்பதில்லை. மழைக்காலத்தில் மலையில் கரன்ட் எப்போது போகும் என்று தெரியாது. நடுவில் நின்றுபோன தட்டு குப்பைக்குத்தான். பேட்டரி உள்ள லேப்டாப்பில் எழுதுங்கள்.

மெனு

இத்தனை பாடும் பட்ட பிறகு, தட்டுக்கு ஒரு முகப்பு வைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. கடையில் வாங்குகிற டிவிடிக்கு வருகிற மாதிரி, போட்டவுடன் ஒரு படம், அடியில் பட்டன். மாமா மகன் எடுத்ததில் ஓரிடத்தில், ரோட்டிலிருந்து கீழே பார்த்தபடி கேமராவை இடமிருந்து வலமாகச் சுற்றுகிறான். அம்மாயி பிறந்து வளர்ந்த லயம் அதில் நாலு வினாடி வந்து போகிறது. நாலு வினாடி என்றால் ஏறக்குறைய 120 படம். கேமரா ஓடியதால் முக்கால்வாசி கலங்கல். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, கலங்காத ஒன்றைப் பிடித்தேன். தகரக் கூரை போட்ட நீள லயம், முன்னால் மண் வாசல், மேலே தேயிலைச் சரிவு, இடது ஓரத்தில் ஒரு மரம். அதை முகப்பில் வைத்து, மேலே 'நம்ம குடும்பம்' என்று எழுதி, கீழே வலது பக்கம் 'பார்க்க' என்று ஒரு மஞ்சள் பட்டன் வைத்தேன். பின்னணியில் திருவிழாவில் அடித்த தப்பு மேளச் சத்தத்தை அரை நிமிஷத்துக்கு எடுத்துச் சேர்த்தேன். அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும்.

வேலை நெருக்கடியால் நானே கொண்டுபோக முடியவில்லை. அம்மாவிடம் கொடுத்து அனுப்பினேன். ரிமோட்டில் எந்தப் பட்டன் என்பதற்குச் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டும் வைக்கச் சொல்லியிருந்தேன். தினமும் பார்க்கிறாள் என்று அம்மா போனில் சொன்னாள். எனக்குப் பெரிய நிறைவு. மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் போய் இறங்கினேன். லயத்துக்கு வெளியே வரும்போதே தப்புச் சத்தம் கேட்டது. உள்ளே அம்மாயி முக்காலியில், டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். டிவியில் முகப்பு. அதே படம், அதே எழுத்து, மஞ்சள் பட்டன். அரை நிமிஷம் முடிந்து தப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவள் அசையவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "காலையில போட்டாங்க, இன்னும் அதேதான்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மூன்று வாரமாக இவள் இதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அமுக்கத் தெரியாமல், இவ்வளவுதான் படம் என்று நினைத்துக்கொண்டு. ரிமோட்டை எடுத்து நானே அமுக்கிக் கல்யாணத்தை ஓடவிட்டேன். "இதெல்லாம் இருக்கு அம்மாயி உள்ள" என்றேன். "தெரியும் சாமி" என்றாள். அதை நான் காதில் வாங்கவில்லை. வயசானவர்கள் சமாளிப்புக்குச் சொல்வது என்று எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்குகிறவரை மனசு ஆறவே இல்லை. மெனு என்பதே படித்தவனின் அகங்காரம் என்று தோன்றியது. தட்டைப் போட்டால் அது தானாக ஓட வேண்டும். எதையும் கேட்கக்கூடாது, எதற்கும் காத்திருக்கக்கூடாது. அதுதான் மரியாதை என்று முடிவு கட்டினேன்.

அடுத்த வாரமே மெனுவை எடுத்துவிட்டுப் புதுத் தட்டு எழுதினேன். டிவிடி ஸ்டைலரில் மெனுவை அழித்துவிட்டால், பிளேயர் நேராக முதல் டைட்டிலுக்குப் போய்விடும். வரிசையையும் மாற்றினேன். முதலில் அட்டன், பிறகு சின்ன அம்மாயி, பிறகு திருவிழா, கடைசியில் கல்யாணம். பதினொன்றும் முடிந்ததும் மறுபடி முதலுக்கு வரும். இந்த முறை நானே கொண்டுபோனேன்.

"அமுக்கினா போயிருமே"

தட்டைப் போட்டதும் படம் ஓடியது. அம்மாயி கடைசிவரை பார்த்தாள். தங்கை பேசும்போது பதில் பேசினாள். "அரிசி என்னா வெல விக்கிது பாரு" என்று தங்கை சொன்னதற்கு, "இங்கயும் அதே கததான்" என்று டிவியிடம் சொன்னாள். அந்த ஏழு நிமிஷத்தில் வாயும் குரலும் பொருந்தியதை நான் மட்டும்தான் கவனித்தேன், அவள் கவனிக்கவில்லை. சொல் பொருந்தி வரும்போது அதை யாரும் கவனிக்க மாட்டார்கள், அதற்காகத்தான் அத்தனை பாடும். கல்யாணமும் முடிந்தது. வெளியே பனி இறங்கி, கண்ணாடி வெளுத்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அந்த நிக்கிற படம் எங்க சாமி?"

எனக்குப் புரியவில்லை. எந்தப் படம் என்று கேட்டேன்.

"முன்னாடி குடுத்ததுல வருமே. நம்ம லயம். ஆடாம நிக்குமே. அது இதுல இல்லியே."

"அது சும்மா முகப்பு அம்மாயி. நீ பட்டன் அமுக்கத் தெரியாம அதையே பாத்துக்கிட்டு இருந்தியேன்னுதான் எடுத்துட்டேன்."

"அமுக்கத் தெரியும்டா. அமுக்கினா போயிருமே."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஓடுகிற படத்தில் லயம் வருவது அவளுக்குத் தெரியும். ஆனால் கண்ணாடியைச் சரி செய்துகொள்வதற்குள் அது ஓடிவிடும். நிற்கிற படத்தில்தான் எண்ண முடியும். முதலில் கோடிக் காம்பரா, கங்காணி வீடு. அதிலிருந்து எண்ணி ஆறாவது அவர்களுடையது. கதவை மாற்றிவிட்டார்கள், அந்தக் காலத்தில் பலகைக் கதவு. இஸ்தோப்பில், அதாவது வாசல் தாழ்வாரத்தில், அவளுடைய அப்பா உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிற இடத்தில் யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள். அந்த மரத்தடியில்தான் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டார்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்று நினைவுக்கு வருமாம். மூன்று வாரத்தில் அவள் அந்த லயத்தில் எல்லாக் காம்பராவுக்கும் ஆள் வைத்துவிட்டாள். யார் வீட்டில் யார், யாருக்கு எத்தனை பிள்ளை, யார் கப்பல் ஏறினார்கள், யார் அங்கேயே நின்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன 'இன்னும் அதேதான்' அதுதான்.

"ஆனா ஒண்ணு சாமி," என்றாள். "அந்த மஞ்சளா ஒரு எழுத்து வச்சிருந்தியே, அது சரியா பீலி மேல உக்காந்துருச்சி. பீலிக்கரை தெரியவே இல்ல."

பீலி என்றால் மலையிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீரைத் தகரமோ மூங்கிலோ வைத்துத் திருப்பிவிடுகிற இடம். குளிப்பதும் துவைப்பதும் குடத்தில் பிடிப்பதும் அங்கேதான். லயத்துப் பெண்கள் நின்று பேச வேறு இடம் ஏது? அவளும் தங்கையும் விடியற்காலை இருட்டில் குடத்தோடு போய் நின்ற இடம். வீட்டுக்கு வந்ததும் மூலப்படத்தைத் திறந்து பார்த்தேன். வலது கீழ் மூலையில், வாசலுக்குக் கீழே, கருங்கல் அடுக்கின் மேல் ஒரு தகர மடல் நீட்டிக்கொண்டு இருந்தது. அதிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு, தண்ணீர். 120 படத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவன் நான். பட்டன் வைக்கத் தோதான காலி இடம் என்று அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

மூன்றாவது தட்டு

மெனுவை மறுபடி வைத்தேன். இந்த முறை எழுத்தே கிடையாது. ரிமோட்டை அமுக்கினால் படம் ஓட, மெனுவில் ஒரு பட்டனாவது இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பட்டன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. திரை முழுவதற்கும் ஒரு பட்டனை விரித்து, அதன் நிறத்தை முழுக்க வெளிப்படையாக்கிவிட்டேன். ரிமோட்டில் சிவப்புப் பொட்டை அமுக்கினால் படம் ஓடும். அமுக்காதவரை லயம் நிற்கும், எத்தனை மணி நேரமானாலும். கடைசி டைட்டிலின் 'முடிந்த பின்' கட்டத்தில் மெனுவுக்குத் திரும்பு என்று எழுதினேன். தப்புச் சத்தத்தையும் எடுத்துவிட்டேன், அவள் கேட்காமலே. ஆடாத படத்துக்கு இந்த முறையில் இடமே வேண்டாம். மாற்றம் இல்லாததால் எழுத ஒன்றும் இல்லை. ஒரே ஒரு முழுப் படம், ஒரு எம்பிகூட ஆகாது. மூன்று மணி நேரத்துக்கு நான் பிட் பிட்டாக எண்ணிப் பங்கு பிரித்த தட்டில், அவள் அதிக நேரம் பார்க்கப் போகிற படம் அந்த ஒரு எம்பிக்குள் அடங்கிவிட்டது.

இடம் மிச்சம் இருந்ததால் இன்னும் சில நிற்கிற படங்களைச் சேர்த்தேன். தங்கை முகம் ஒன்று. பழைய ஸ்டோர், அதாவது தேயிலை ஃபேக்டரி, ஒன்று. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களம் ஒன்று. ஒவ்வொன்றும் அடுத்ததைக் காட்டச் சிவப்புப் பொட்டு. எல்லாம் முடிந்தால் படம் ஓடும். எந்தப் படத்திலும் எழுத்து இல்லை. நாலு நகல் எழுதினேன். தட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. ஒட்டினால் கனம் ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும்போது ஆட்டம் கொடுக்கும், மலை ஈரத்தில் உரியவும் உரியும். தட்டில் எழுதுவதற்கென்றே வருகிற மார்க்கரில் 'அட்டன்' என்று மட்டும் எழுதினேன். மொத்தத்தையும் ஐஎஸ்ஓ ஃபைலாக ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். தட்டு என்றைக்காவது படிக்காமல் போனாலும் மறுபடி எழுதலாம்.

ஒரு நகலை மாமா மகன் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினான். சின்ன அம்மாயிக்குக் கல்யாணத்தையும் திருவிழாவையும் காட்டியிருக்கிறார்கள். பார்த்து முடித்ததும் அவள் கேட்டது: "அக்கா இருக்கிற எடம் இதுல எங்க இருக்கு?" இல்லை. கல்யாணம் கோத்தகிரி மண்டபத்துக்குள், திருவிழா கோயில் வாசலில். அம்மாயி ஐம்பது வருஷமாகக் குடியிருக்கிற லயத்தை நாங்கள் யாருமே எடுக்கவில்லை.

வருகிற ஞாயிறு காலை போகிறேன். பனி ஏழரை எட்டுக்கு விலகினால் ஒரு மணி நேரம் கிடைக்கும். ட்ரைபாட் எடுத்துக்கொண்டு வா, கேமராவைச் சுற்றாதே, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிஷம் அசையாமல் வை என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்டது. எங்கே நின்று எடுக்க வேண்டும் என்பதை அம்மாயி அம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். மேட்டு ரோட்டில், வளைவுக்கு முந்தின சில்வர் ஓக் மரத்துக்குக் கீழ்ப்பக்கம். அங்கிருந்து பார்த்தால் கோடி வீட்டிலிருந்து எண்ணி நாலாவது அவளுடையது. கதவு நீலம். துவைக்கிற கல்லும் குழாயும் வலது பக்கம் வரும், அதை மறைக்கிற மாதிரி யாரும் துணி காயப்போடாமல் அவள் பார்த்துக்கொள்வாளாம். எட்டு மணிக்கு வாசலில் வந்து நிற்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள்.